‘நின்றொளிர்வு’ எனும் கலைச்சொல்: உலோக–கரிமச் சேர்மங்களின் ஒளிர்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் திருமழிசை. திருமழிசையாழ்வார் தோன்றிய தலமென வைணவ மரபு போற்றும் இவ்வூரில் இன்று தொழிற்பேட்டை இயங்குகிறது. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் கைபேசி ஆலைகள் இயங்குகின்றன. உயர்வகைக் கைபேசித் திரைகள் பலவற்றின் சிவப்பும் பச்சையும் இரிடியம் அணைவுச் சேர்மங்கள் உமிழும் ஒளியாகும். இவ்வொளியின் இயல்பைத் தமிழில் கற்க முற்படும் இவ்வட்டார மாணவர் ‘உடனொளிர்வு’, ‘நின்றொளிர்வு’ என்னும் இரு சொற்களை எதிர்கொள்கிறார். இச்சொற்கள் அவருக்கு வழிகாட்டுகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் வரையறையும்

‘புளோரசன்ஸ்’ என்னும் பெயரைப் புளோர்ஸ்பார் கனிமத்தை ஒட்டி 1852இல் ஸ்டோக்ஸ் படைத்தார். ‘பாஸ்பரசன்ஸ்’ என்பது ‘ஒளியைத் தாங்குவது’ எனப் பொருள்படும் கிரேக்க வேரினது. தூண்டல் நின்றதும் அணைவது முன்னது, தொடர்ந்து ஒளிர்வது பின்னது என்பதே பழைய வேறுபாடு. 1944இல் லூயிசும் காஷாவும் பின்னதை மும்மைநிலையிலிருந்து எழும் ஒளியென விளக்கினர். அதன்பின் எலக்ட்ரான் தற்சுழற்சி மாறுகிறதா, மாறவில்லையா என்பதே அளவுகோலாயிற்று. ஆங்கிலப் பெயர்கள் கால அளவைச் சுட்டாமையால் இம்மாற்றம் அவற்றைப் பாதிக்கவில்லை. தமிழ்ச் சொற்களோ பழைய வரையறையைத் தம் உறுப்பாகவே கொண்டுள்ளன. கேட்டவுடன் பொருள் தருதல் கலைச்சொல்லின் சிறப்பாகக் கருதப்படுகிறது. இங்கு அச்சிறப்பே தடையாகிறது.

மூன்று சேர்மங்கள் தரும் சான்று

அலுமினிய அயனியை மூன்று ஹைட்ராக்சிகுயினோலின் ஈனிகள் சூழ்ந்த அணைவுச் சேர்மத்தைக் கொண்டு, 1987இல் கோடாக் நிறுவனத்தின் டாங்கும் வான் ஸ்லைக்கும் 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பச்சை ஒளி பெற்றனர். இவ்வொளி நானோ நொடி அளவினது. ‘உடனொளிர்வு’ இதற்குப் பொருந்துகிறது. ஆனால் மின்னூட்டத்தால் பிறக்கும் கிளர்வுற்ற நிலைகளுள் ஏறத்தாழ 25 விழுக்காடே ஒற்றைநிலை. எஞ்சிய 75 விழுக்காடாகிய மும்மைநிலை இச்சேர்மத்தில் ஒளியாவதில்லை.

அந்த 75 விழுக்காட்டையும் ஒளியாக்கியது இரிடியம். அதன் கனத்த அணுக்கரு தற்சுழற்சித் தடையைத் தளர்த்துகிறது. மூன்று பினைல்பிரிடின் ஈனிகள் கொண்ட இரிடியம் சேர்மத்தின் ஒளிர்வு ஓரிரு மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும். மும்மைநிலைகள் நெடிது நீடித்தால் ஒன்றையொன்று அழித்துத் திறனைக் குறைக்கும். எனவே விரைந்து அணைவதே இதன் தகுதி. ‘நின்று’ என்னும் வினையெச்சம் அத்தகுதிக்கு நேர்மாறானதை உரைக்கிறது.

செம்புச் சேர்மங்கள் சிலவற்றில் முரண் முற்றுகிறது. அவற்றின் மும்மைநிலை, சூழலின் வெப்பத்தால் ஒற்றைநிலைக்கு மீண்டு ஒளிர்கிறது. தாமதமான இவ்வொளிர்வைத் தமிழில் ‘தாமத உடனொளிர்வு’ என்றே கூற நேரும். இது இரிடியத்தின் ‘நின்றொளிர்வை’விட நீண்டு நிற்பதும் உண்டு. ‘உடன்’ நீடிக்கிறது, ‘நின்று’ முந்தி அணைகிறது.

மாற்றுச் சொற்கள்

‘ஒற்றைநிலை ஒளிர்வு’, ‘மும்மைநிலை ஒளிர்வு’ என்பன மேற்கண்ட மூன்று சேர்மங்களுக்கும் போதும். ஆயின் யூரோப்பியம் அணைவுச் சேர்மங்களின் செவ்வொளி ஐம்மை நிலையிலிருந்து எழுமை நிலைக்கு இறங்குகையில் எழுவது. அதற்கு இவ்விரு பெயர்களும் ஒவ்வா. எனவே தற்சுழற்சியையே அடிப்படையாக்கி, ‘சுழல்மாறா ஒளிர்வு’, ‘சுழல்மாறு ஒளிர்வு’ எனப் பெயரிடலாம். முன்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமும் பின்னது வினைத்தொகையும் கொண்டு அமைவதால் இரண்டும் தமிழ் மரபுக்கு இயைந்தவை. ‘தாமதச் சுழல்மாறா ஒளிர்வு’ என்பதில் முரணும் இல்லை.

‘நின்றொளிர்வு’ கைவிடப்பட வேண்டிய சொல்லன்று. அவசர வழிப் பலகைகளில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் மணிக்கணக்கில் ஒளிர்கிறது. பொறிகளில் சிக்கிய மின்னூட்டங்கள் மெல்ல விடுபடுவதால் நேரும் அவ்வொளிர்வுக்கே இச்சொல் முற்றும் பொருந்தும்.

முடிவுரை

அறிவியல் வரையறை மாறும்போது அதை மொழிந்த சொல்லும் மறு ஆய்வுக்கு உரியதாகிறது. புதிய சொற்களை ஆக்குவதோடு, வழக்கிலுள்ளவற்றைக் காலந்தோறும் சோதிப்பதும் கலைச்சொல்லாய்வின் பணியாதல் வேண்டும். அப்பணி நடைபெறாதவிடத்து, தமிழ்வழி மாணவர் தம் மொழியறிவை நம்பியதனாலேயே பிழைபடப் புரிந்துகொள்ளும் நிலை நீடிக்கும்.