மலையேறும் கார்பரேட்டர்
போடி அருகே சிலமலைப் பக்கம் இன்னும் ஓடும் பழைய மாருதி 800-இன் கார்பரேட்டரைச் சரிசெய்வது பெரிய கைத்திறன். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். போடியிலிருந்து மலைமேல் உள்ள போடிமெட்டுக்கு ஏறினால் காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும்; கார்பரேட்டரோ பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. அதனால் பெட்ரோல் மிகுந்து முழுதாக எரியாது; பிளக்கில் படியும் கரியே சாட்சி. மிக்ஸ்சர் ஸ்குரூவை இறுக்கினால் மைலேஜ் கூடும் என்பார்கள். அது பெரும்பாலும் ஐடிலிங்கைத்தான் மாற்றும். ஓட்டத்தில் கணக்கு பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டிடம் இருக்கிறது. பெட்ரோல் குறைந்து கலவை மிகவும் மெலிந்தால் வால்வு கருகும். இன்ஜெக்‌ஷன் வண்டி கலவையைத் தானே பார்த்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் சத்தத்தையும் பிளக்கின் நிறத்தையும் வைத்தே கலவையைக் கணிக்கும் மெக்கானிக்கின் அறிவு எனக்கு அதைவிட அருமை. ஸ்குரூவைத் தொடுமுன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள்.