வெறுங்கையோடு திரும்புகிறவர்

நம் கபடி அணியின் மூன்றாவது ரெய்டரைப் பற்றிய புலம்பல் இந்த வாரமும் ஓயவில்லை. போகிறார், பாக் லைனைத் தாண்டுகிறார், கார்னரை நோக்கி இரண்டு முறை காலை நீட்டுகிறார், திரும்பிவிடுகிறார். எம்ப்டி ரெய்டு. இவருக்கு எதற்கு இடம் என்று கேலரி கத்துகிறது. மேட்டில் நிற்கும் ஏழு பேரில் தன் வேலை என்னவென்று துல்லியமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. நான் இந்த அணியின் ஆள். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கடைசி 5 நிமிடம், 6 புள்ளி முன்னிலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அடுத்தடுத்து இரண்டு முறை அவர் சும்மா பாடிவிட்டு வந்தால் ஒரு நிமிடம் கரைந்துவிடும். மூன்றாவது, டூ ஆர் டை. அதற்கு இன்னொருவர் போவார். பிடிபட்டாலும் இழப்பு ஒரு புள்ளி, ஓர் ஆள். இத்தனைக்கும் நடுவில் முதன்மை ரெய்டர் அலுங்காமல் உள்ளேயே இருப்பார். அவர் அவுட்டாகி உட்கார்ந்தால் வரும் அவஸ்தை உங்களுக்குத் தெரியும்: அவரை உள்ளே கொண்டுவர யாராவது புள்ளி எடுத்தாக வேண்டும், எடுக்கக்கூடியவரோ வெளியே.

நிர்வாகத்துக்கு வேண்டியது ப்ளே ஆஃப். பயிற்சியாளர் அதை ஓர் ஆட்டத்தின் அளவுக்கு வெட்டுகிறார்: ஆல் அவுட் ஆகக் கூடாது. ரெய்டர்களிடம் வரும்போது, முதன்மை ஆள் உள்ளே நிற்க வேண்டும் என்றாகிறது. நம்மவர் கைக்கு வந்து சேர்வது இவ்வளவுதான்: கோட்டைத் தாண்டு, நேரத்தை ஓட்டு, அவுட்டாகாமல் வா. மூன்றுமே அவர் காலால் ஆகிற காரியம். ‘ஜெயித்துக் கொடு’ என்று அவரிடம் சொல்லியிருந்தால் பாவம், போனஸுக்குத் தாவி கணுக்காலைக் கொடுத்திருப்பார்.

எதிர் உதாரணம் நம் கார்னரிலேயே இருக்கிறது. நான்கு டேக்கிள் எடுத்துவிட்டால் ஹை ஃபைவ் ஆசை கண்ணை மறைக்கிறது. ரெய்டர் உள்ளே வருவதற்கு முன்பே பாய்கிறார், கவர் வந்து சேர்வதற்குள் டச் கொடுத்து வெளியேறுகிறார். அந்த ஐந்தாவது டேக்கிளை அணி அவரிடம் கேட்கவேயில்லை.

பெஞ்சையும் சும்மா விட முடியாது. போன ஆட்டத்தில் பின்தங்கியிருந்தபோதும் மூன்றாவது ரெய்டர் பழையபடியே நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே கணக்கு மாறிவிட்டது, கீழே ஒருவரும் சொல்லவில்லை. டைம் அவுட் எதற்கு இருக்கிறது, தண்ணீர் குடிக்கவா? மேலே இலக்கு மாறும் அந்த நிமிடமே கடைசி ஆளின் காதுக்கும் சேதி போக வேண்டும். அவர் மீது விழுந்த வசவில் பாதி பயிற்சியாளருக்குச் சேர வேண்டியது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். லீக்கின் பிற்பாதியில் உடம்புகள் தளரும். சூப்பர் 10 எண்ணிக்கையை மட்டுமே நம்பிய அணிகள், தங்கள் நட்சத்திரம் வெளியே உட்கார்ந்திருக்க, அடுத்தடுத்து ஆல் அவுட் ஆகும். நாம் ப்ளே ஆஃபுக்குப் போவோம், அந்தக் கார்னர்காரர் கொஞ்சம் பொறுத்தால். அடுத்த ஏலத்தில் இந்த மூன்றாவது ரெய்டரை வேறொரு அணி கொத்திக்கொண்டு போகும். நம் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருக்கும். அதுவரையிலாவது, அவர் வெறுங்கையோடு திரும்பும்போது கூச்சல் போடுவதற்கு முன் ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள்.