கூரையில் ஒரு பெனல்

வேன் கூரையில் சோலார் பெனல் பூட்டுவதில் நான் ரசிப்பது, துளை போடுமுன் கைதேர்ந்த பாஸ் காட்டும் தயக்கத்தைத்தான். ஒவ்வொரு துளையும் மார்கழி மழைக்கு வாசல் அல்லவா! திருகாணியைச் சுற்றிச் சிலிக்கோனைத் தாராளமாகப் பிதுக்கி, மிஞ்சியதை விரலால் வழித்தெடுப்பார். பெனலுக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. காற்றோடாவிட்டால் பெனல் கொதிக்கும்; 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் மின்சாரம் சுமார் 0.4 சதவீதம் குறையும்.

ஐரோப்பாக்காரர் பெனலைச் சாய்த்துவைக்கப் படாத பாடு படுகிறார்கள். எங்கள் கந்தளாய் நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கிலேயே கிடப்பதால் படுக்கவைத்தாலே போதும். சித்திரை வருடப்பிறப்பையொட்டி நண்பகல் வெயில் நேர் உச்சியில் இறங்கும், கொடுத்துவைத்த ஊர்.

குளக்கட்டோரம் நிறுத்துபவர்களே, மர நிழல் தேடாதீர்கள். ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே மின்சாரம் படுத்துவிடும்.