களஞ்சியம் என்று எழுதி வைத்த கட்டடம்

மொகஞ்சதாரோ என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று விஷயத்தை ஒப்பிப்பார்கள்: பெருங்குளம், சாக்கடை, களஞ்சியம். குளமும் சாக்கடையும் கண்ணால் பார்க்கிற சங்கதி. அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கெல்லாம் களஞ்சியத்தின் மேல்தான். பருப்பும் தானியமும் மூட்டை மூட்டையாக வாங்கி விற்றே இந்த அகமதாபாத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. ஆனால் கிடங்கு என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும். அந்த யோக்கியதையில் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில், "அந்தக் காலத்து எஃப்.சி.ஐ. கிடங்கு அது" என்று நானே பிள்ளைகளுக்கு ஜோராகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண்குழந்தை எழுந்து, "தாத்தா, அதுக்குள்ளே என்ன தானியம் இருந்துச்சு?" என்று கேட்டது. கோதுமையாக இருக்கும் என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினால், அந்தக் கட்டடத்தில் ஒரு மணி கூடக் கிடைத்ததாக எங்கும் எழுதவில்லை.

கட்டடம் இதுதான். பெருங்குளத்துக்கு மேற்கே, ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலத்தில் ஒரு செங்கல் அடித்தளம். அதன்மேல் வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசை, மொத்தம் 27 செங்கல் மேடைகள். நடுநடுவே குறுகலான சந்துகள். மேலே மரவேலை இருந்ததற்குத் தடயம் உண்டு. 1920-களில் ஒரு பகுதி மட்டும் வெளிப்பட்டபோது, ஜான் மார்ஷல் காலத்தவர்கள் அதை 'ஹம்மாம்', அதாவது வெந்நீர்க் குளியல் கூடம் என்று நினைத்தார்கள். 1950-இல் மார்ட்டிமர் வீலர் வந்து முழுசாகத் தோண்டினார். சந்துகள் காற்றுப் போக விட்டவை, பக்கத்து மேடை மூட்டை ஏற்றி இறக்க என்று முடிவு கட்டி 'பெருங்களஞ்சியம்' என்று பெயர் வைத்துவிட்டார். குளியல் கூடம் ஒரே நாளில் தானியக் கிடங்கானது!

வீலர் சாமானியர் இல்லை. பட்டாளத்தில் பிரிகேடியராக இருந்தவர். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர். மண்ணடுக்கு பார்த்துத் தோண்டும் முறையை இங்கே பழக்கியவர். 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டியவரும் அவரே. அங்கேயும் நீளமான ஒரு செங்கல் கட்டடத்தைப் பண்டகசாலை என்றார். அவர் கண்ணில் ரோமாபுரி எப்போதும் இருந்தது. ரோமானியர் கோட்டைகளில் தரையை உயர்த்தி, அடியில் காற்று விட்டுக் கட்டிய தானியக் கிடங்குகள் உண்டு. அந்த அச்சைக் கொண்டுவந்து சிந்துவெளிமேல் வைத்துப் பார்த்தார் என்பது என் அபிப்பிராயம்.

அடியில் காற்று வேணும் என்பது சரி. நானும் மூட்டைக்கு அடியில் மரக்கட்டை போட்டுத்தான் அடுக்குவேன். ஆனால் காற்று ஓடுகிற சந்தில் எலியும் ஓடும். நம்ம ஊரில் நெல்லைக் குதிரில் கொட்டி வாயை மண்ணால் மெழுகி மூடினார்களே, அது காற்று விடவா, தடுக்கவா? இன்னொன்று: பக்கத்திலேயே பெருங்குளம். குளம் பிற்பாடு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். உள்ளே கோதுமை இருந்திருந்தால், அதை ஒட்டி இவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டியை எந்தக் கணக்குப்பிள்ளை கட்ட விட்டிருப்பான்?

சிந்து மக்கள் கோதுமையும் பார்லியும் பயிரிட்டார்கள். அதில் சந்தேகமே இல்லை. எங்கேயோ சேர்த்தும் வைத்திருப்பார்கள். ஆனால் எவ்வளவு கூட்டினாலும் கிடங்கின் மூலையில் நாலு மணி கிடக்கும். என் கிடங்கில் பத்து வருஷத்துக்கு முன் விற்ற உளுந்து இப்போதும் தரை வெடிப்பிலிருந்து எழும்புகிறது. அந்தக் காலத்துத் தோண்டலில் மண்ணைத் தண்ணீரில் அலசிக் கருகிய விதை தேடும் வழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் "இல்லவே இல்லை" என்று நான் சாதிக்கவில்லை. சாட்சி இல்லாமல் பெயர் வைத்ததுதான் என் குறை.

ஹரப்பாவிலும் இதே கதை. அங்கே வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை அறைகள், நடுவே அகலமான வழி. அதற்கும் களஞ்சியம் என்றே பெயர். பக்கத்து வட்ட மேடைகளைத் தானியம் குத்துகிற இடம் என்றார் வீலர். ஒரு மேடையின் நடுக்குழியில் கொஞ்சம் உமி கிடைத்ததென்னவோ நிஜம். ஆனால் 1998-இல் வேறொரு மேடையைக் கவனமாகத் தோண்டியபோது, தானியம் குத்தியதற்கு ஆதாரம் அகப்படவில்லை. அங்கே பல காலம் ஆய்வு செய்த ஜோனதன் மார்க் கெனோயர், மொகஞ்சதாரோ கட்டடத்தையும் களஞ்சியம் என்று ஒப்பாமல் 'பெருங்கூடம்' என்கிறார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. காசு இல்லாத காலத்தில் களஞ்சியம்தான் கஜானா என்றார் வீலர். கஜானா என்றால் வரி, வரி என்றால் தண்டல்காரன், தண்டல்காரன் என்றால் ராஜா. இத்தனை பேரையும் அந்த 27 மேடைகள் சுமக்கின்றன. இதுவரை சிந்து நகரங்களில் இன்னது அரண்மனை என்று எல்லோரும் ஒப்பிய கட்டடம் ஒன்று கூட இல்லை. கிடங்கைக் காட்டி ராஜாவை நிரூபித்துவிட்டு, ராஜா இருந்ததால் அது கிடங்குதான் என்பது எங்கள் தொழிலில் செல்லாத கணக்கு.

சாட்சி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே லோத்தல் இருக்கிறது. எஸ்.ஆர். ராவ் 1955 முதல் தோண்டிய இடம். அங்கேயும் உயரமான மண்கல் மேடைமேல் கட்டைகட்டையாக 64 அமைப்புகள் இருந்ததாக ராவ் கணக்கிட்டார், மிஞ்சியவை 12. இதையும் பண்டகசாலை என்றார். ஆனால் சும்மா சொல்லவில்லை. தீப்பிடித்துச் சுட்டுப்போன களிமண் முத்திரை அச்சுகள் 65 அங்கே கிடைத்தன. முன்பக்கம் முத்திரை, பின்பக்கம் துணி, பாய், முறுக்கிய கயிறு இவற்றின் தடம். மூட்டையைக் கட்டி, முடிச்சின்மேல் களிமண் அப்பி, மார்க்கா குத்தியிருக்கிறார்கள்! உள்ளே என்ன சரக்கு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இது சரக்கு வந்து போன இடம் என்று நான் கையெழுத்துப் போடுவேன்.

பக்கத்திலுள்ள 200 மீட்டருக்கு மேல் நீளமான செங்கல் தொட்டி விஷயத்தில் அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. ராவ் அதைக் கப்பல் துறை என்றார். லெஷ்னிக் 1968-இல் அது நீர்த்தேக்கம் என்று மறுத்தார். 2024-இல் ஐ.ஐ.டி. காந்திநகர் ஆய்வாளர்கள், சபர்மதியின் பழைய போக்கு லோத்தலை ஒட்டி இருந்ததைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டியிருக்கிறார்கள். ராவ் பக்கம் தராசு சாய்கிறது; முள் இன்னும் நிற்கவில்லை.

அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொன்னேன். "அப்போ அது என்ன கட்டடம் தாத்தா?" என்றாள். பெரிய கூடம் என்றேன்.