துறைமுக ஓவியங்களில் ஒளியும் நீரும்: கிளாட் லொரேன், ஆந்திரே தெரேன் ஓர் ஒப்பீடு

முன்னுரை

வெயிலை உள்ளவாறே தீட்டியுள்ளார் எனத் துறைமுக ஓவியரைப் பாராட்டுவது பொதுவழக்கு. ஆயின் வெயிலை உள்ளவாறே தீட்டுதல் எவர்க்கும் இயலாது. மிகத் தூய வெள்ளை வண்ணமும் தன்மீது விழும் ஒளியைத் திருப்புமேயன்றித் தானே ஒளிர்வதில்லை. துறைமுகத்தில் வானொளியை நீரும் எதிரொளிப்பதால் இவ்விடர் இருமடங்காகிறது. இதனை இரு பிரெஞ்சு ஓவியர் எதிர்கொண்ட முறைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

லொரேனின் முறை

லொரேன் 1648இல் தீட்டிய, சேபா நாட்டு அரசி கப்பலேறும் துறைமுகக் காட்சி இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. இதில் கதிரவன் ஓவியத்தினுள்ளேயே, அடிவானத்திற்குச் சற்று மேலே இடம்பெறுகிறது. அதனை ஒளிரச் செய்தற்பொருட்டு ஏனையவற்றின் ஒளியை ஓவியர் குறைக்கிறார். அண்மையிலுள்ள கட்டடங்கள் இருண்டும், தொலைவிலுள்ளவை வெளிறியும் தோன்றுகின்றன. அலைகளின் முன்பக்கம் நிழலில் இருப்பதாலேயே அவற்றின்மீது படிந்த ஒளி மின்னுகிறது. அது கதிரவனிடமிருந்து காண்போரை நோக்கி வரும் பாதையாகிறது. ஆங்கில ஓவியர் டர்னர், கார்த்தேஜ் நகரை டைடோ எழுப்புவதைக் காட்டும் தம் 1815ஆம் ஆண்டு ஓவியத்தை இதனருகே வைக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் நாட்டிற்கு வழங்கியமை இம்முறையின் செல்வாக்கிற்குச் சான்றாகும்.

தெரேனின் முறை

லொரேனின் முறை தாழ்ந்த கதிரவனை வேண்டி நிற்பது. உச்சி வெயிலுக்கு அது பொருந்தாது. தெரேன் 1905 கோடையில் தென்பிரான்சின் மீன்பிடித் துறையான கோலியூரில் மத்தீசுடன் தங்கி ஓவியம் தீட்டினார். ஒளியைப் பற்றிய புதிய கருத்து நிழலை மறுப்பதில் அடங்கியுள்ளது என்னும் பொருள்பட அவர் விளாமிங்கிற்கு எழுதினார். அவருடைய கோலியூர் ஓவியங்களில் நிழல் என்பது இருளன்று. அதுவும் ஒரு வண்ணமே. செம்மஞ்சளும் நீலமும் அருகருகே தனித்தனித் தீற்றல்களாக அமைந்து ஒன்றையொன்று மிகுவிக்கின்றன. தீற்றல்களினிடையே தீட்டாது விடப்பட்ட வெளிர்நிலம் நீரின் கூசொளியாகிறது. ஆயினும் நீர்ப்பரப்பின் ஆழமும் தொலைவும் இங்குக் குறைந்துவிடுகின்றன. ஒளிக்காக ஓவியர் தந்த விலை இதுவெனலாம்.

முடிவுரை

1905ஆம் ஆண்டுப் பாரிசு இலையுதிர்காலக் கண்காட்சியில் இக்குழுவினர் காட்டு விலங்குகள் எனப்பட்டனர். இயற்கையைச் சிதைத்தனர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். லொரேனும் இயற்கையைப் படியெடுக்கவில்லை என்பதை உணரின் அக்குற்றச்சாட்டு வலுவிழக்கும். ஒருவர் இருளின் துணையாலும், மற்றவர் வண்ணங்களின் முரணாலும் இல்லாத ஒளியை உண்டாக்கினர். எனவே துறைமுக ஓவியத்தை மதிப்பிடுகையில் அது வெயிலை ஒத்துள்ளதா என்பதினும், வெயிலுக்கு ஈடாக எதனை அமைத்துள்ளது, அதன்பொருட்டு எதனை இழந்துள்ளது என்பதே வினவத்தக்கதாகும்.