கடைசி போன் காலுக்காக ஒரு படம்

2023 அக்டோபர் 19, காலை ஒன்பது மணி. ‘லியோ’ முதல் காட்சி. பார்த்திபன்தான் லியோவா? படம் நிற்பதே அந்தக் கேள்வியில்தான். தியேட்டரில் அது யாருக்கும் கேள்வியாகவே இல்லை. டைட்டிலே பதிலைச் சொல்லிடுச்சு. மிச்சத்தை ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நாங்களே கண்டுபிடிச்சாச்சு. எங்க கேள்வி வேற: இது ‘கைதி’, ‘விக்ரம்’ வரிசையில் சேருமா, எல்சியுவா இல்லையா?

காபி கடையில் சுட்டுத் தள்ளிவிட்டு அவன் உடைந்து அழுகிறான். விஜய் சமீப வருஷங்களில் நடித்த நல்ல காட்சிகளில் ஒன்று. முன்வரிசையில் ஒருத்தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ‘கைதி’ கான்ஸ்டபிள் நெப்போலியன் தலைகாட்டியதும் விசில் காதைக் கிழித்தது. நானும்தான் அடிச்சேன்.

அந்தக் ‘கைதி’க்கு, 2019 தீபாவளியில், ‘பிகில்’ டிக்கெட் கிடைக்காமல் போன கூட்டம் நாங்க. டில்லி பிரியாணியை அள்ளி அள்ளித் தின்கிறான். யாரு இவன்னே தெரியாது. ஒருத்தன் சாப்பிடுறதை அப்படி வாயைப் பிளந்து பார்த்தோம்.

‘லியோ’வின் ஃப்ளாஷ்பேக் சொதப்பல்தான், அதை இயக்குநர் கணக்கில் எழுதலாம். முதல் பாதியைக் கோட்டை விட்டது நாங்க. கடைசியில் போனில் விக்ரமாகக் கமல் குரல் வந்ததும் தியேட்டரே அதிர்ந்தது. பார்க்கிங்கில் நண்பன் கேட்டது ஒன்றுதான்: “கைதி 2 எப்ப மச்சான்?”