சுண்டுவிரல் தூரம்

மும்பை தாராவியின் 90 அடி சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பினால், மாலை நேரத்தில் முதலில் காதில் விழுவது ஒரு 'டக்'. இளைஞர் மன்றத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை பல்பு. அதன் வட்ட வெளிச்சத்தில் ஒரு கேரம் போர்டு. யாரோ பவுடரைத் தூவி உள்ளங்கையால் தடவுகிறார், மரம் பட்டாகிறது. விரல் சுண்டியதும் ஸ்டிரைக்கர் வழுக்கிப் போகும் சன்னமான 'ஸ்ஸ்'. பிறகு காய் வலைக்குள் விழும் மெத்தென்ற ஓசை. இரண்டுக்கும் நடுவே எல்லோரும் மூச்சை அடக்குகிறார்கள்.

அங்கே புதிதாக வரும் பத்து வயதுப் பையனுக்கு முதலில் கிடைப்பது நின்று பார்க்க ஓர் இடம். திருநெல்வேலித் தமிழும் மராத்தியும் இந்தியும் தோளுரசும் கூட்டத்தில் நின்று, காய்களை அடுக்கித் தருகிறான். ஒருநாள் ஓர் அண்ணன், "உட்காருடா தம்பி, பலமா அடிக்காத, கோணத்தைப் பாரு" என்கிறார். ஸ்டிரைக்கர் குழியில் விழுந்தால், எடுத்த காயை அவன் திருப்பித் தர வேண்டும். சிவப்புக் காயான ரெட் விழுந்தாலும், அதைத் தொடர்ந்து தன் காய் ஒன்றை 'ஃபாலோ'வாகப் போடாவிட்டால் அது நடுவுக்கே திரும்பிவிடும். தப்பை ஒப்புக்கொள்வதும் தொடங்கியதை முடிப்பதும் இப்படித்தான் விரல்நுனி வழியாக மனத்துக்குள் இறங்குகின்றன. 2024-இல் வடசென்னையின் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதும் இதே போன்ற ஒரு சதுரத்தில்தான். இந்தப் பையன் அவ்வளவு தூரம் போகாமலிருக்கலாம். ஆனால் தன் முறை வரும்வரை அமைதியாகக் காத்திருக்கிறான். தோற்றதும் கை கொடுக்கிறான். வெள்ளை படிந்த அந்த விரல்களைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது.